இரண்டு மூக்குக் கப்பல்

ஊசிக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். கத்த மாட்டாள், கதவை அறைய மாட்டாள், பாத்திரத்தை உருட்ட மாட்டாள். கண்ணாடியைக் கழற்றி, துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, கூட்டுக்குள் வைத்து டப்பென்று மூடுவாள். அவ்வளவுதான். கண்ணாடி இல்லாவிட்டால் இரண்டு முழத்துக்கு அப்பால் உள்ளதெல்லாம் அவளுக்குப் புகைமூட்டம். எதிரே நிற்கிற ஆளின் முகம் பிசைந்து வைத்த மாவு மாதிரித் தெரியும். மாவோடு யார் சண்டை போடுவார்கள்? இருபத்து நான்கு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்தும் புருஷனுக்கு இது அத்துப்படி. கூடு மூடுகிற சத்தம் கேட்டால் போதும், காலையிலிருந்து என்னென்ன தப்புச் செய்தோம் என்று அவர் வரிசையாக யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர்கள் வைத்தது அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் பாதி வருடம் போயிருந்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். வீட்டில் கைக்குழந்தையாக ஒரு தம்பி. "ஒரு மாசம் நின்னுக்கோ, அப்புறம் பள்ளிக்கூடம் போகலாம்" என்றார் அப்பா. அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. பதினாறு வயதில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தையல் வேலை அல்ல. தைத்து வருகிற சட்டையில் பிசிறு வெட்டுவது, குறை கண்டுபிடிப்பது. குழல்விளக்குக்குக் கீழே நின்றபடி நாளைக்கு நானூறு காலர். நானூறும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்; ஒன்றில் மட்டும் ஒரு தையல் பிறழ்ந்திருக்கும். அந்த ஒன்று தானாக வந்து அவள் கண்ணில் குத்தும். மேற்பார்வையாளர்தான் ஊசி என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆளும் அப்படித்தான் இருந்தாள். வாயிலிருந்து சொல் வருவதற்குள் கேட்டவர் கிளம்பிப் போயிருப்பார்.

தொழிற்சாலை மூடிய பிறகு அருங்காட்சியகத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. ஐந்தாவது வருடம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் மண்பானை ஒன்று அகப்பட்டது. உள்ளே பாசி பிடித்த கூழாங்கல் மாதிரிப் பச்சைப் பச்சையாகக் கட்டிகள். ரோமாபுரிக் காசுகள் என்றார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வெண்கலம், அறுநூற்றுப் பதினொன்று. பட்டம் வாங்கிய இருவர் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து சுரண்டிவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று போய்விட்டார்கள். அவர்கள் போன மறுநாள் மேசைக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தவள், "சார், இதுல ரெண்டு காசு ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணுன்னு நினைச்சு சுரண்டியிருக்காங்க" என்று துடைப்பத்திடம் சொல்வது போலச் சொன்னாள். அப்போதிருந்த காப்பாட்சியருக்கு ஓய்வு பெற ஆறு மாதம் பாக்கி. எதை யார் செய்தால் எனக்கென்ன என்று இருந்தவர். நாற்காலியைக் காட்டி, "அப்ப நீயே உக்காரு" என்றார்.

உட்கார்ந்தாள். பதினேழு வருடம் உட்கார்ந்தாள்.

காலை பதினோரு மணி வரைக்கும் கூடங்களைப் பெருக்குவது. அதற்குப் பிறகு கீழ்த்தளத்து அறை. வடக்குப் பார்த்த ஒரே ஒரு சன்னல், இரட்டைக்கண் உருப்பெருக்கி, துல்லியத் தராசு, வரிசையாகப் பிளாஸ்டிக் கிண்ணங்கள். ஒவ்வொரு காசும் காய்ச்சி வடித்த தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். ஊறியதை எடுத்து, கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நெம்ப வேண்டும். இரும்பு படக் கூடாது. கீழே இருக்கிற கரும்பச்சைக் களிம்புதான் காசின் தோல். உருவமெல்லாம் அந்தத் தோலில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு அதை உரித்தால் உள்ளே வெறும் செம்பு பல்லிளிக்கும், முன்பக்கத்துச் சாமியும் போய்விடும், பின்பக்கத்துக் கப்பலும் போய்விடும். மூக்குச் சளி நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி கண்டால் அது நோய். அந்தக் காசை உடனே பிரித்து வைக்காவிட்டால் பெட்டி முழுவதும் தொற்றும். இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முதல் வருடத்தில் ஏழு காசுகளைக் கெடுத்தாள். ஏழின் எண்களும் அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

சாமிகளுக்கு முதலில் அவளே பெயர் வைத்தாள். பிறகு நூலகத்திலிருந்த ஒரே படப் புத்தகத்தை விரலால் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரியான பெயர்களைத் தெரிந்துகொண்டாள். தான் கொன்ற சிங்கத்தின் தோலையே தலையில் மாட்டிக்கொண்டிருப்பவன் ஹெர்குலிஸ். சிங்கத்தின் மேல்வாய் அவன் நெற்றியில் பல் பதித்திருக்கும். தொப்பியில் இறக்கை முளைத்தவன் மெர்க்குரி, மற்றவர்களுக்குத் தூது போயே காலம் கழித்தவன். தலைக்கவசம் போட்டவள் மினர்வா. தாடிக்காரக் கிழவன் சனி. பெற்ற பிள்ளைகளையே விழுங்கினவன் என்று புத்தகம் சொன்னது. அவன் வந்தால் அந்தக் காசை அவள் ஒதுக்கி வைத்துவிட்டு, யார் மீதாவது எரிச்சலாக இருக்கிற நாளில் எடுப்பாள். எரிச்சலில் கை நன்றாக ஓடும். காசின் மதிப்பைக் கண்டுபிடிக்கப் புள்ளிகளை எண்ணினால் போதும். மினர்வாவுக்கு நான்கு, ஹெர்குலிஸுக்கு மூன்று, மெர்க்குரிக்கு இரண்டு. முன்பக்கம் எந்தச் சாமி இருந்தாலும் பின்பக்கம் எல்லோருக்கும் ஒரே கப்பல்தான். முழுக் கப்பல்கூட இல்லை, முன்பாதி மட்டும். தண்ணீர் மட்டத்தில் ஒரு கூரான மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது ஜானஸ் காசு. ஒரே கழுத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு முகம், இரண்டுக்கும் தாடி. வாசல்களுக்குக் காவலாம் அந்தச் சாமி. உள்ளே வருகிறவனையும் வெளியே போகிறவனையும் ஒரே நேரத்தில் பார்ப்பவன். சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் சனங்கள் அந்தக் காசின் நடுவில், இரண்டு முகத்துக்கும் இடையில், உளியை வைத்து ஒரே போடு போட்டிருக்கிறார்கள். ஒரு காசு இரண்டு அரைக்காசு ஆகிவிடும், ஆளுக்கு ஒரு முகம். பானையில் அப்படி வெட்டுப்பட்ட பாதிகள் பதினான்கு இருந்தன. ஒன்றுக்காவது ஜோடி கிடைக்காதா என்று அவள் பார்க்காத நாள் இல்லை. வெட்டு விளிம்பை வெட்டு விளிம்போடு வைத்துப் பார்ப்பாள், எடை போடுவாள், தாடிச் சுருளை எண்ணுவாள். பதினான்கும் பதினான்கு வேறு காசுகளிலிருந்து வந்தவை.

மூன்று வருடத்துக்கு முன்பு புதிய காப்பாட்சியர் வந்தார். வந்த மாதமே சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தார், "சாமிகளும் காசுகளும்" என்று ஒரு கண்காட்சிக்குத் திட்டம் போட்டார். ஒருநாள் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்ணங்களைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல அந்த ரெண்டு முகக் காசு ஒண்ணாவது மூக்கும் முழியுமா இருக்கா?"

"முழுசா இருக்கு சார். ஆனா தேஞ்சு போச்சு."

"தேஞ்சத வெச்சு நான் என்ன செய்ய? சுவரொட்டிக்குப் படம் வேணும், புத்தக அட்டைக்குப் படம் வேணும்." வெட்டுப்பட்ட பாதிகள் இருந்த தட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டைப் பொறுக்கி எடுத்தார். ஒன்று இடப்பக்க முகம், ஒன்று வலப்பக்க முகம். இரண்டும் நேற்று அடித்தது போலத் தெளிவு. "இது போதுமே! ரெண்டையும் ஒட்டு."

"அது ரெண்டும் வேற வேற காசு, சார்."

"எனக்குத் தெரியாதா? படத்துக்குத்தாம்மா. எடுத்து முடிச்சதும் பிரிச்சிடு."

"பின்பக்கம் சேராது சார்..."

"பின்பக்கம் எவன் பாக்கப் போறான்?"

ஒட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று, அசிட்டோனில் கரைகிற பசையைத்தான் எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்று நாற்பது என்று இரண்டு பாதிகளின் பின்பக்கத்திலும் வெட்டு விளிம்போரம் தன் கையால் பொடி எழுத்தில் மையிட்டிருந்த எண்களையும் அழிக்கவில்லை. முன்பக்கம் அழகாகத்தான் வந்தது. திருப்பினால்தான் கூத்து. ஒரு காசில் கப்பலை நேராக அடித்திருந்தார்கள், மற்றதில் தலைகீழாக. சேர்த்ததும் வலதுபக்கம் ஒரு கப்பல் மூக்கு நேராக வலதே பார்த்தது. இடதுபக்கம் இன்னொரு மூக்கு கவிழ்ந்தபடி இடதே பார்த்தது. நடுவில் கப்பலே இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்த காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, இந்தக் கப்பல்ல ஏறினவன் எந்த ஊருக்குக்கா போவான்?"

"எந்த ஊருக்கும் போகமாட்டான். படம் எடுத்ததும் பிரிச்சிடுவேன்."

பிரிக்க விடவில்லை. படம் எடுத்தவர் படம் எடுத்தார், காப்பாட்சியர் காசை மேலே எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் அவள் கூடம் பெருக்கப் போனபோது அது நடுக்கூடத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் தாங்கியில் நின்றுகொண்டிருந்தது. கீழே பலகை: "பழங்காலத்தில் வெட்டப்பட்டு, மீண்டும் இணைக்கப்பட்ட ஜானஸ் காசு. இப்பானையின் மிகச் சிறந்த நாணயம்." அவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகையை மூன்று தடவை எழுத்துக்கூட்டினாள். பதினைந்து வருடமாக ஜோடி தேடி ஒன்றுக்கும் கிடைக்கவில்லை என்பது அவள் கண்டுபிடித்த உண்மை. அதற்கு மேல் ஒருவர் வெல்வெட் போர்த்தி வைத்திருந்தார்.

மூன்று முறை போய்ச் சொன்னாள். முதல் முறை, "ஜனங்க பாத்துட்டுப் போகட்டுமே, உனக்கென்ன?" இரண்டாம் முறை, "அப்புறம் பாக்கலாம்." மூன்றாம் முறை அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உன் வேலை என்ன?"

"துடைக்கிறது சார்."

"துடை."

அன்றைக்குப் பேருந்தில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கண்ணாடிக் கூடு மூடியே இருந்தது. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. தினமும் காலையில் அந்தப் பெட்டியின் கண்ணாடியைத் துடைக்க வேண்டியவள் அவள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பலகையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். சொல்லலாம் என்று வாயெடுப்பாள். மறுபடியும் கண்ணாடியையே துடைப்பாள். சொல்லாமல் விட்டதற்காகத் தன் மேலேயே ஒரு கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு எதைக் கழற்றி வைப்பது?

போன வருடம் பழங்காசு ஆராய்ச்சி செய்கிற பேராசிரியை ஒருவர் வந்தார். பானையைப் பற்றிப் புத்தகம் எழுதப்போகிறாராம். வெள்ளைத் தலை, பருத்திக் கையுறை, கழுத்தில் கயிறு கட்டின பூதக்கண்ணாடி. காப்பாட்சியர் அவரைக் கூடம் கூடமாக அழைத்துக்கொண்டு வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து செயலாளரும் வந்திருந்தார். காசுகளை எடுத்து வைக்க ஊசி ஒரு தட்டோடு பின்னால் நின்றாள். பேராசிரியை நடுப்பெட்டியின் முன்னால் நின்றதும், "இதைத் திறங்களேன். பின்பக்கம் பாக்கணும்" என்றார்.

காப்பாட்சியர் சாவி தேடினார். சட்டைப் பையில் தேடினார், கால்சட்டைப் பையில் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

பேராசிரியை காசைத் திருப்பினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடடா! ரெண்டு மூக்கு! ஒண்ணு கரையைப் பாக்குது, ஒண்ணு கவிழ்ந்து கிடக்குது. என்ன சார் இது?"

காப்பாட்சியரின் முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் ஒரு அடி முன்னால் வந்தார். அப்போது காப்பாட்சியர் திரும்பி, கையை நீட்டி, ஊசியைக் காட்டினார்.

"அது... எங்க க்ளீனிங் அம்மா மேடம். தெரியாம ஒட்டிட்டாங்க. ஒரே காசுன்னு நினைச்சிட்டாங்க. படிக்காதவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? நாங்கதான் சரியா கவனிக்கலை."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"பாவம், விடுங்க" என்றார் பேராசிரியை. "ஏதோ ஆசைல செஞ்சிருப்பாங்க."

அந்தப் பாவம்தான் அவளைச் சுட்டது. காப்பாட்சியர் பொய் சொன்னார், சரி, பயந்த மனுஷன் பொய் சொல்வான். இந்த அம்மா எதற்காகப் பாவம் பார்க்கிறாள்? பதினான்கு பாதியையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, ஒன்றுக்கொன்று சேராது என்று எழுதி வைத்தவள் இதோ எதிரே நிற்கிறாள். அவளைப் பார்த்துப் பாவமாம்.

பிற்பகலில் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் கீழ்த்தளத்துக்கு வந்தது. தட்டச்சு செய்தது, நான்கே வரி. "இரு வேறு நாணயங்களின் பாதிகளை, அறியாமையினால், ஒரே நாணயம் எனக் கருதி நானாகவே இணைத்துவிட்டேன். இத்தவற்றுக்கு முழுப் பொறுப்பேற்று மன்னிப்புக் கோருகிறேன்." கீழே கோடு. கோட்டுக்குக் கீழே பதிவேட்டில் உள்ள அவள் பெயர். காகிதத்தைக் கொண்டுவந்த காவலாளி தலையைச் சொறிந்தார்.

"போட்டுட்டா நாற்காலி நிலைக்குமாம்க்கா. போடலேன்னா மேலே பெருக்குறது மட்டும்தானாம். இந்த ரூமைப் பூட்டிடுவாராம்."

காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் வீட்டுக்காரர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். ஊரில் பாதி மாடிகளுக்கு ஆட்களை இவர் வந்துதான் ஏற்றி இறக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. அன்று சாயந்திரம் சமையல்கட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே காகிதத்தைப் படித்தார்.

"போட்டுடு."

"என்னங்க சொல்றீங்க?"

"லிஃப்ட் நடுவுல நின்னா கம்பெனி என்ன எழுதும்? மெக்கானிக் அசட்டைன்னு எழுதும். கயிறு தேஞ்சது அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு தடவ கையெழுத்துப் போட்டிருக்கேன். என்ன குறைஞ்சு போயிட்டேன்?"

"நீங்க போட்டதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"அசட்டைன்னு."

"இதுல அறியாமைன்னு எழுதியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே! பேப்பர்ல எத எழுதினா என்ன, நாற்காலி இருக்கும்ல? அந்தப் பச்சைக் காசு இல்லாம உன்னால ஒரு நாள் இருக்க முடியுமா? ஞாயித்துக்கிழமை வந்தாலே மூஞ்சி வாடிப்போவுது உனக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் வைத்தாள்.

"ஒண்ணா? அதெப்படிங்க ஒண்ணாகும்? அசட்டைன்னா தெரிஞ்சவன் கவனிக்காம விட்டது. உங்களுக்கு வேலை தெரியும்னாவது அதுல இருக்கு. எனக்குத் தெரியாதாம்! அந்த ஆள் என்னை விரல் நீட்டிக் காட்டறான், இவளுக்கு என்ன தெரியும்னு கேக்கறான். பள்ளிக்கூடத்துலேர்ந்து பாதியில நிறுத்தினாங்க, சரி. ஃபேக்டரில பேரு சொல்லிக் கூப்பிடலை, சரி. நான் பதினேழு வருஷம் கண்ணு வலிக்கப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் தெரியாதுன்னு எங்கையாலயே எழுதிக் குடுக்கணுமா? எங்கையாலயேவா?"

பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். வீட்டுக்காரர் பாதி சீவிய கிழங்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். இருபத்து நான்கு வருடத்தில் அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதில்லை.

"சரி, சரி. அதுக்கு ஏன் என்னைக் கத்தறே?" என்றார் கடைசியில். "அவனைப் போய்க் கத்து."

மறுநாள் காலையில் ஒட்டின காசைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பேராசிரியை உடனிருந்து பார்க்க வேண்டுமாம். கீழ்த்தளத்தில் ஊசி சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றி, காசை உள்ளே விட்டு, மேலே தட்டால் மூடினாள். நகப்பூச்சு அழிக்கிற வாடை அறை முழுவதும் பரவியது. இருபது நிமிடத்தில் இரண்டு பாதிகளும் தாமாகப் பிரிந்து சாய்ந்தன. பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"கரையற பசையா போட்டிருந்தீங்க?"

"ஆமா மேடம். பிரிக்கணும்ல."

"பிரிக்கணும்னு அப்பவே..." அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பாதிகளின் பின்பக்கம் வைத்தார். விளிம்போரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. மற்றதில் முந்நூற்று நாற்பது. "இது யார் எழுத்து?"

"என் எழுத்துதான்."

"எப்ப எழுதினது?"

"சுத்தம் பண்ணி முடிச்ச அன்னிக்கு. ஒண்ணு பன்னெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணு எட்டு வருஷம். ஒரே காசுன்னா ரெண்டு நம்பர் எதுக்கு மேடம் போடப்போறேன்? இதுக்குத் தாடி மூணு வரிசை, அதுக்கு ரெண்டு வரிசை. எடையும் சேராது."

பேராசிரியைக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை அவர் முகம் மறைக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து நான் பேசினது தப்பும்மா. ஆனா இதைப் பெரிசு பண்ணாதீங்க. எனக்கு இங்க இன்னும் மூணு மாசம் வேலை இருக்கு. அவர் அனுமதி இல்லாம ஒரு பெட்டியக்கூடத் திறக்க முடியாது. நான் தனியா அவர்கிட்ட சொல்லி வைக்கறேன், உங்களை இந்த ரூம்லயே விட்டுடச் சொல்லி. நீங்க அந்தக் கையெழுத்தைப் போட்டுடுங்க."

ஊசி இரண்டு பாதிகளையும் துணியில் ஒற்றி எடுத்து, தனித்தனிப் பெட்டியில் வைத்து மூடினாள். நேற்று வரைக்கும் இந்த அம்மாவுக்கு உண்மை தெரியாது என்று நினைத்தாவது கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். இப்போது அதுவும் போயிற்று.

மாடிப்படி ஏறினாள். காப்பாட்சியர் அறையின் கதவைத் தட்டினாள், பதில் வருவதற்குள் உள்ளே போனாள். அப்படி அவள் ஒருநாளும் போனதில்லை. அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி வெளியே நிற்கச் சொன்னார். அவள் நிற்கவில்லை. மடித்த காகிதத்தைப் பிரித்து மேசையில், அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்புறம் கூப்பிடறேன்" என்று அவர் தொலைபேசியை வைத்தார். "போட்டாச்சா? நல்லது."

"போடலை சார்."

"ஏன்? பேனா இல்லையா?"

"இதுல அறியாமைன்னு எழுதியிருக்கு." அவள் குரல் கம்மியிருந்தது; ஆனால் வந்தது. "எனக்குத் தெரியும் சார். ரெண்டும் வேற காசுன்னு தெரிஞ்சுதான் ஒட்டினேன். நீங்க சொன்னீங்க, ஒட்டினேன். தெரிஞ்சு ஒட்டினது என் தப்பு. முடியாதுன்னு சொல்லியிருக்கணும், சொல்லலை. அத எழுதுங்க, போடறேன். ரெண்டு வருஷமா அந்தப் பொய்யைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்தேனே, அதையும் எழுதுங்க, அதுக்கும் சேத்துப் போடறேன். தெரியாதுன்னு எழுதினா போடமாட்டேன்."

"நான் சொன்னேனா? எப்பம்மா சொன்னேன்? யாரு கேட்டா?"

"காவலாளி வாசல்ல நின்னாரு."

"அவனைக் கூப்பிடட்டுமா?"

காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று என்ன பேசினார்கள் என்று தனக்கு நினைவில்லை, தான் கப்பலைத்தான் பார்த்தேன் என்றார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். ஊசி அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அக்கா என்று கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை.

"பாத்தியா?" என்றார் காப்பாட்சியர். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீ நல்லா வேலை செய்யறவதான். நான் இல்லேன்னு சொல்லலை. ஒரு கையெழுத்து. அதுக்குப் போய் இவ்வளவு வீம்பா? உன்னை என்ன ஜெயில்லயா போடப்போறேன்? உனக்கு இதனால என்ன கௌரவம் குறையப்போவுது?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவளுக்கும் ஒரு கௌரவம் இருக்கலாம் என்ற எண்ணம் அந்த மனிதரின் தலையில் எந்த மூலையிலும் இல்லை.

"உங்களுக்கு எவ்வளவு குறையுமோ அவ்வளவு சார்" என்றாள்.

அவர் முகம் சிவந்தது. இழுப்பறையைத் திறந்தார். "கீழ் ரூம் சாவிய வெச்சிட்டுப் போ."

இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து வைத்தாள். அதை வைக்கும்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் அந்த ஆள் பார்த்துவிட்டானே என்று மாடிப்படி முழுவதும் பொருமிக்கொண்டே இறங்கினாள்.

ஒட்டின காசை அட்டையில் போட்ட கண்காட்சிப் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கப் பணம் இல்லை என்றார்கள். பேராசிரியை மூன்று மாதம் இருந்து வேலையை முடித்துக்கொண்டு போனார். அவர் புத்தகம் இந்த வருடம் வந்தது. ஒரு பிரதி அருங்காட்சியகத்துக்கும் வந்தது. மேல்கூடத்தைப் பெருக்கும்போது ஊசி அதைப் புரட்டிப் பார்த்தாள். கப்பல் படத்துக்குக் கீழே, "பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த இணைப்பு" என்றிருந்தது. அறியாமை, கவனக்குறைவு ஆகியிருந்தது. பேராசிரியை செய்த உபகாரம் அவ்வளவுதான். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர், "பாத்தியா, என்னை மாதிரியே உன்னையும் அசட்டைல சேத்துட்டாங்க" என்று சிரித்தார். கண்ணாடிக் கூடு டப்பென்று மூடியது.

ஆனால் காப்பாட்சியர் நினைத்தது போலக் காரியம் முடியவில்லை. ஒட்டின காசு விஷயம் செயலாளரின் கண் முன்னால் நடந்துவிட்டதால் தலைமை அலுவலகத்தில் ஒரு கோப்புத் திறந்துவிட்டார்கள். தவறு செய்தவரின் ஒப்புதல் இல்லாமல் கோப்பை மூட முடியாதாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலிருந்து கேள்வி வருகிறது. கேள்வி வருகிற ஒவ்வொரு முறையும் அதே நான்கு வரியைப் புதிதாகத் தட்டச்சு செய்து அவளிடம் கொடுத்தனுப்புகிறார்கள். இரண்டாவது தடவை அறியாமையை எடுத்துவிட்டுப் போதிய பயிற்சியின்மை என்று போட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை தவறான புரிதல். அவள் ஒவ்வொன்றையும் நின்றபடியே, விரல் வைத்துக் கடைசி வரைக்கும் படிக்கிறாள். கீழே தன் கையால், "தெரிந்துதான் ஒட்டினேன், காப்பாட்சியர் சொல்லித்தான் ஒட்டினேன்" என்று எழுதி, கோட்டைக் காலியாக விட்டுத் திருப்பி அனுப்புகிறாள். அப்படி எழுதியதைக் கோப்பில் வைக்க முடியாது என்று காப்பாட்சியர் கிழித்துப் போடுகிறார்.

இதுவரை ஐந்து தடவை வந்துவிட்டது. ஊசி இப்போது மேல்தளத்துக் கூடங்களைப் பெருக்குகிறாள், கழிப்பறையும் சேர்த்து. கீழ்த்தளத்து அறை பூட்டிக் கிடக்கிறது. தொண்ணூற்றொரு காசுகள் இன்னும் கிண்ணத்தில் ஊறுகின்றன. தண்ணீர் மாற்ற ஆள் போடவில்லை. அவள் கையெழுத்துப் போடவில்லை.